நாலு புள்ளி ஒன்பது

சீனா முழுக்கக் கண்ணாடி அனுப்புகிற தான்யாங்கில் எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடி வேலைக்குப் போகாத வீடு எது என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். லென்ஸ் வார்க்கிறவர்கள், பிரேம் அறுக்கிறவர்கள், திருகு முடுக்குகிறவர்கள், பெட்டி மடிக்கிறவர்கள், சந்தையில் கடை போட்டு விற்கிறவர்கள். நானும் யுன்ஷியாவும் லென்ஸ் பார்க்கிறவர்கள். வார்த்து, சூளையில் வெந்து, கழுவி வருகிற லென்ஸை இரண்டு விரல் நுனியில் பிடித்து, கறுப்புத் துணிக்கு முன்னால் விளக்கில் ஒரு சாய்ப்பு, ஒரு திருப்பு. புள்ளி, கீறல், குமிழ் ஏதாவது இருந்தால் சிவப்புத் தட்டு. இல்லையென்றால் நீலத் தட்டு. ஒன்றுக்கு மூன்று நொடி. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை இதுதான். அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டிருக்கும். வெளியே மழையா வெயிலா என்பது சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

யுன்ஷியா என் பக்கத்துப் பலகையில் பத்து வருடமாக உட்கார்ந்திருந்தாள். ஆற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் வேலைக்கு வந்தவள். இதெல்லாம் நடந்தபோது அவளுக்கு முப்பத்துநாலு. அவள் பார்த்து அனுப்பிய சரக்கு சந்தையிலிருந்து திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை. பேச்சு குறைவு. வீட்டிலும் எனக்கு அவள் இரண்டு மாடி மேலே. நான் ஐந்தாவது, அவள் ஏழாவது. லிப்ட் கிடையாது. படியில் அவள் ஏறுகிற சத்தத்தை வைத்தே அன்று எத்தனை பெட்டி பார்த்தாள் என்று சொல்லிவிடுவேன்.

அவள் புருஷன் பாவ்லின் பேச்சுக்குக் குறைவில்லாதவன். மின்சார மூன்று சக்கர வண்டியில் பட்டறைகளிலிருந்து சந்தைக்குப் பெட்டி ஏற்றிப் போவான். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் சூரியகாந்தி விதை. வழியெல்லாம் தோல் துப்பிக்கொண்டே போவான். மகள் மைசுய். கோதுமை அறுப்பு நடந்த வாரத்தில் பிறந்ததால் கோதுமைக் கதிர் என்று பொருள்படும் பெயர். அவளுக்கு ஏழு வயது, ஒன்றாம் வகுப்பு.

பெருந்தொற்று ஆண்டில் பட்டறைகள் மார்ச்சிலேயே திறந்துவிட்டன. பாலர் பள்ளி செப்டம்பர் வரை திறக்கவில்லை. அந்த ஆறு மாதம் மைசுய் வீட்டுக்குள்ளே இருந்தாள். பாவ்லினின் அக்கா குய்மெய் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். பாட்டும் பாடமும் கதையும் அதிலேயே. திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று பிள்ளை ஜன்னல் சீலையை இழுத்துவிட்டுக்கொள்வாள். பள்ளி திறந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் கழுத்தில் தொங்குகிற சாவியால் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வாள். சுவரில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். வேலைக்கு நடுவே கிடைக்கிற பத்து நிமிடத்தில் யுன்ஷியா போனில் அதைத் திறந்து பார்ப்பாள். பிள்ளை தலையைக் குனிந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். "பாருங்க ரோங் அக்கா, ஒரு சேட்டை கிடையாது" என்று எனக்கும் காட்டுவாள். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்த மார்ச் மாதம், கால்வாய்க் கரையெல்லாம் கடுகுப் பூ மஞ்சளாக இருந்த வாரத்தில், பள்ளியில் கண் பார்த்துச் சீட்டு கொடுத்தனுப்பினார்கள். வலது 4.6, இடது 4.7. ஐந்து இருந்தால் முழுப் பார்வை. மருத்துவரைப் பார்க்கவும் என்று கீழே அச்சடித்திருந்தது. சாப்பாட்டு வேளையில் அந்தச் சீட்டை என் முன்னால் வைத்தாள். உப்புக்கண்டப் பன்றியும் மூங்கில் குருத்தும் போட்ட குழம்பு அன்று. அவள் தொடவில்லை.

"தப்பா எழுதியிருப்பாங்கக்கா. நூறு பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு அவசரமா பாக்குறாங்க. இவ முதல் பெஞ்சுல உக்காந்திருக்கா. கெட்டிக்காரின்னு டீச்சரே மாத்தி உக்கார வச்சிருக்காங்க."

பிள்ளையை எதற்காக முதல் பெஞ்சுக்கு மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மகனையும் மாற்றினார்கள். அவனுக்கு இப்போது இருபத்தாறு வயது, சூச்சோவில் வேலை. தொள்ளாயிரம் பவர். எங்களூரில் பவரை நூற்றுக்கணக்கில்தான் சொல்வோம். வெளியூர்க்காரர்களின் ஒன்பது எங்களுக்குத் தொள்ளாயிரம். போன வருடம் ஒரு காலையில் அவன் வேலையில் இருக்கும்போது இடது கண்ணில் மூலையிலிருந்து கறுப்புச் சீலை இறங்கியதுபோல் ஆகிவிட்டது. கண்ணுக்குள் விழித்திரை கிழிந்திருந்தது. அறுவை செய்து ஒட்டினார்கள். அந்தக் கண் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இதை யுன்ஷியாவும் அறிவாள். நான் மறுபடி சொல்லவில்லை. டாக்டரிடம் போ, நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பாவ்லினுக்குச் சரக்கு இருந்ததால் நாங்கள் மூவரும் போனோம். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்பாப்பா விரிந்து, மைசுயின் கண் பூனைக்கண் போல ஆகிவிட்டது. டாக்டர் ஃபாங் சின்ன வயதுக்காரி. அவளும் தடிமனான கண்ணாடிதான் போட்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் நூற்றிருபத்தைந்து என்று எழுதிவிட்டு யுன்ஷியாவைக் கேட்டாள்:

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளிச்சத்துல இருப்பா?"

"வீட்டுல ரெண்டு ட்யூப் லைட் இருக்கு டாக்டர். நல்ல வெளிச்சம்."

"நான் கேட்டது வானத்து வெளிச்சம்."

யுன்ஷியா பள்ளி மைதானத்தைச் சொன்னாள். இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விடுகிறார்களா என்று டாக்டர் கேட்டதற்கு மைசுய், "கக்கூசுக்கு மட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்கு வீட்டில் எல்லோரும் தூங்குவோம் என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. கண்விழி நீளமாக வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் தூரத்தில் இருப்பது மங்குகிறது என்று படம் வரைந்து காட்டினாள். தினம் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்க வேண்டும். மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஒரு முழம் இடைவெளி. டேப்லெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். கண்ணாடி போட வேண்டும். மூன்று மாதத்தில் மறுபடி வர வேண்டும்.

"இதெல்லாம் செஞ்சா இறங்கிடுமா?" என்று யுன்ஷியா கேட்டாள்.

"வளந்த பிள்ளை திரும்பக் குட்டையாகுமாம்மா? கண்ணும் அப்படித்தான். வேகமா ஏறாம பாத்துக்கலாம். அவ்வளவுதான்."

திரும்பி வரும் வழியில் மைசுய்க்குக் கண் கூசிற்று. அம்மாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடந்தாள்.

குய்மெய் அன்று சாயங்காலமே ரோஸ் பிரேமில் கண்ணாடி செய்து கொண்டுவந்துவிட்டாள். சந்தையில் பதினைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறவள். அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோருக்கும் அவள்தான் போட்டுவிடுவாள். ஆனால் யுன்ஷியா அதை வாங்கி மேசை மேல் வைத்தாளே தவிர, பிள்ளைக்கு மாட்டவில்லை. ஏழு வயதில் போட்டால் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும், போடாமல் விட்டால் கண் தானாகப் பழகிவிடும் என்பது அவள் எண்ணம். எங்கள் பட்டறையிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

"ஊருக்கெல்லாம் மாட்டி விடுறோம், நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மாட்டினா கேவலமா?" என்றாள் குய்மெய்.

"அக்கா, நீங்க விக்கிறவங்க. நான் பாக்குறவ. ஆயிரத்து இருநூறு பவர் லென்ஸு கையில வந்தா என்ன கனம் கனக்கும்னு எனக்குத் தெரியும். அது யாரோ ஒரு பிள்ளை மூக்குல உக்காரப் போவுதுன்னு நெனச்சுக்கிட்டேதான் நீலத் தட்டுல போடுவேன்."

குய்மெய் போன பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை ஆரம்பித்தது. நீ கையில் டேப்லெட்டைக் கொடுத்துக் கெடுத்தாய் என்று அவள், நீ கேமராவில் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தாயே என்று அவன். ஐந்தாவது மாடிவரை கேட்டது. அதற்குப் பிறகு ஏறத்தாழ தினமும் கேட்டது. மைசுயின் குரல் ஒருநாளும் கேட்டதில்லை.

ஏப்ரலில் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையிலிருந்து யாரோ யுன்ஷியாவுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். கண்ணைச் சுற்றி நரம்பைத் தடவி, மூலிகை ஆவி பிடித்து, மூன்று மாதத்தில் கண்ணாடி இல்லாமல் ஐந்துக்குக் கொண்டுவருவோம் என்று போட்டிருந்தது. நடத்துகிறவளைப் பிள்ளைகள் லூ டீச்சர் என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாள், வாயில் சர்க்கரை. கண்ணாடி போட்டால் சிகிச்சை பலிக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வாரத்துக்கு மூன்று நாள், பள்ளி விட்டதும் மைசுய் நேராக அங்கே போவாள். ஆறேழு பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்கும். தடவி முடிந்ததும் சுவரில் இருக்கும் அட்டையைப் படிக்கச் சொல்லி எண்ணைக் குறித்து அம்மாவின் போனுக்கு அனுப்புவார்கள்.

கண் பார்க்கிற அட்டை எல்லோரும் அறிந்ததுதான். மூன்று பல் சீப்பு மாதிரி ஒரு குறி, வரிசைக்கு வரிசை சின்னதாகிக்கொண்டே போகும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். மேலே, கீழே, இடது, வலது. அதே அட்டை ஒன்றை வீட்டில் ஒட்டிக்கொள்ள லூ டீச்சர் கொடுத்திருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் எண் 4.7 என்று வந்தது. மே நடுவில் 4.8. யுன்ஷியா பலகையில் உட்கார்ந்து மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடுவதை அப்போதுதான் முதல் முறை கேட்டேன். டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிடு என்று சொன்னேன். என் மகன் கதையையும் இந்த முறை எடுத்துச் சொன்னேன்.

"உங்க பையன் வேறக்கா. அவனுக்கு நீங்க ஒண்ணும் செய்யல" என்றாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அது உண்மையாக இருந்ததால் நான் அடுத்த லென்ஸை எடுத்து விளக்கில் பிடித்தேன்.

ஜூன் மாதம் டிராகன் படகுப் பண்டிகைக்கு இலைக்கொழுக்கட்டை கட்டும்போது 4.9 வந்தது. பாவ்லினே நம்பிவிட்டான். கொழுக்கட்டையைத் தட்டில் அடுக்கி எனக்குக் கொடுத்தனுப்பினார்கள். சண்டைச் சத்தம் அடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அப்புறம் பிளம் மழை பிடித்தது. பிளம் பழுக்கிற நாளில் மூன்று வாரம் விடாமல் பெய்கிற மழை. சுவர் வியர்க்கும், உப்பு ஜாடி கசியும், பெட்டிக்குள் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. பட்டறையில் லென்ஸ் மேல் மூச்சுப் பட்டாலே படலம் பிடிக்கும். அந்த ஈரத்தில் யுன்ஷியா வீட்டுச் சுவரிலிருந்த அட்டை ஊறி, ஒரு பக்கம் கழன்று, பச்சையாகப் புள்ளி விட்டுத் தொங்கியது. பாவ்லின் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அக்காள் கடையிலிருந்து வேறு ஒன்று கொண்டுவந்து ஒட்டினான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பார்லி கஞ்சி அதிகமாகக் காய்ச்சிவிட்டேன் என்று ஒரு பானையை எடுத்துக்கொண்டு நான் மேலே போயிருந்தேன். யுன்ஷியா முள்ளங்கி ஊறுகாயை நறுக்கி வைத்துவிட்டு, சாப்பிடும் முன் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றாள். தினமும் அப்படிப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. மைசுய் சமையலறை வாசலில் போய் நின்று சோற்றுக் கரண்டியால் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். யுன்ஷியா ஒரு குச்சியால் அட்டையின் கீழ்ப்பக்கச் சின்ன வரிசையைத் தொட்டாள்.

"மேல. வலது. கீழ. இடது. இடது. மேல."

தடங்கலே இல்லை. ஒப்பிக்கிற மாதிரி வந்தது, ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் பிள்ளையின் பார்வை அம்மா முகத்துக்குப் போனது. யுன்ஷியாவின் கண் மகள் முகத்தில் இருந்ததால் அவள் கவனிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாவ்லின்தான் சிரித்தான்.

"ஏண்டி, தலைகீழா நின்னு பாக்குறியா? அது கீழ்ப் பக்கமாத்தானே பாக்குது."

மைசுய் நிறுத்தினாள். யுன்ஷியா திரும்பி அட்டையைப் பார்த்தாள். அடுத்த வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிள்ளை சொன்னது எதுவும் புது அட்டையில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. யுன்ஷியா குச்சியை அட்டைக்கு வெளியே கொண்டுபோனாள். வெறும் சுவர். ஈரம் படிந்த வெள்ளைச் சுவரில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"இது?"

"வலது" என்றாள் மைசுய்.

மழை பால்கனித் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. யுன்ஷியா குச்சியை எடுக்கவில்லை. பாவ்லின் எழுந்து போய் மகள் கையிலிருந்த கரண்டியை வாங்கினான். மகளைத் திட்டாமல் பெண்டாட்டியைத் திட்ட ஆரம்பித்தான். மூன்று மாதம், உன் லூ டீச்சர், உன் மூலிகை என்று குரல் ஏறிக்கொண்டே போனது. மைசுய் நடுவில் வந்து நின்றாள்.

"நாலு ஒம்போது சொன்னா நீங்க சண்ட போட மாட்டீங்கல்ல" என்றாள். குரலில் அழுகை இல்லை. கணக்கு ஒன்றைச் சொல்லுவதுபோல் சொன்னாள்.

பாவ்லின் உட்கார்ந்துவிட்டான். யுன்ஷியா குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"எப்படிடி படிச்ச?"

"அங்க எனக்கு முன்னாடி நாலு பேரு சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். முதல்ல கொஞ்சம், அப்புறம் கொஞ்சம். எல்லாத்தையும் ஒரே நாளுல சொல்லிட்டா நம்ப மாட்டாங்கன்னு கொஞ்சம் கொஞ்சமா சொன்னேன்."

"உனக்குத் தெரியலன்னு யார்கிட்டயும் சொல்லலையா?"

"அங்க பக்கத்துல படுக்குற ஃபெங்கிட்ட சொன்னேன். அவனும் அப்படித்தான் சொல்றானாம்."

கஞ்சி ஆறிப் படலம் கட்டிவிட்டது. நான் அதைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். அன்று மேலே சத்தம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பாவ்லின் வண்டியை லூ டீச்சர் கடை வாசலில் நிறுத்திச் சத்தம் போட்டானாம். உங்கள் பிள்ளை பொய் சொன்னால் நாங்கள் என்ன செய்ய முடியும், நோட்டீஸிலேயே அவரவர் உடல்வாகைப் பொறுத்து என்று போட்டிருக்கிறதே என்றார்களாம். யுன்ஷியா அந்தப் பக்கமே போகவில்லை. ஃபெங்கின் அம்மாவுக்கு மட்டும் போன் செய்து சொன்னாள். அவள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள் என்று கேள்வி.

ஜூலை முதல் வாரம் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் இருநூற்றிருபத்தைந்து. நான்கு மாதத்தில் நூறு ஏறியிருந்தது.

"கண்ணாடி எங்க?" என்று டாக்டர் ஃபாங் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள இருக்கு" என்றாள் யுன்ஷியா. அதற்கு மேல் எதையும் மறைக்கவில்லை. கடை, ஆவி, அட்டை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் கேட்டு முடித்து, தூங்கப் போகும்போது விட ஒரு சொட்டு மருந்து எழுதினாள். புதிய பவருக்குக் கண்ணாடி எழுதினாள். பிறகு மார்ச்சில் சொன்ன அதே இரண்டு மணி நேரத்தை அதே சொற்களில் சொன்னாள்.

அந்த இரண்டு மணி நேரம்தான் அவர்களிடம் இல்லாத பொருள். யுன்ஷியா எட்டுக்கு எட்டு. பாவ்லினுக்குச் சந்தை அடைக்கிற வரை ஓட்டம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையை ஏழாவது மாடியிலிருந்து இறக்கி வெளியே வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. பாவ்லின் வண்டியில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தான். இரண்டாம் நாள் பெட்டிகள் சரிந்து பிள்ளையின் கால் சிராய்ந்தது.

பட்டறையில் கழுவும் பிரிவுக்கு மட்டும் விடியற்காலை ஷிஃப்ட் உண்டு. ஐந்து மணிக்குப் போய் ஒரு மணிக்கு வந்துவிடலாம். சோடாத் தொட்டியில் லென்ஸை முக்கி எடுக்கிற வேலை. கை வெளுத்துத் தோல் உரியும். கூலியும் குறைவு. பார்க்கிற பலகைக்கு வர அங்கிருந்து நாங்களெல்லாம் எத்தனை வருடம் காத்திருந்தோம். யுன்ஷியா மேற்பார்வையாளனிடம் போய் அங்கே மாற்றிக்கொடு என்று கேட்டாள். அவன் சிரித்தான். உன் கண் மாதிரி கண் எனக்கு வேறு கிடைக்காது, அடுத்த வருடம் உன்னைத்தான் தலைமையாகப் போடலாமென்று இருக்கிறேன், ஒரு மாதம் யோசி என்றான். அவள் அடுத்த திங்கட்கிழமையே மாறிவிட்டாள். அவள் பலகையில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மூச்சுக்கு மூச்சு பெருமூச்சு விடுகிறவள்.

மழை போய் வெயில் வந்தது. முப்பத்தெட்டு டிகிரி. நான்கு மணிக்கு யுன்ஷியா மகளைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போவாள், ஆறு மணிக்குத் திரும்புவாள். இரண்டு பேருக்கும் ஓலைத் தொப்பி. புருஷனோடு கோபித்துக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பிற்று. அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

எனக்கு வார விடுமுறை கிடைத்த ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்தேன். சும்மா இருக்கத் தெரியாதவள் என்பதால் ஒரு பை நிறையப் பச்சை சோயாக்காய் கொண்டுவந்து உரித்துக்கொண்டிருந்தாள். மைசுய் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோஸ் கண்ணாடி வேர்வையில் மூக்கின் நுனிவரை வழுக்கி வந்தது.

"முதல் வாரம் அழுதாக்கா. டேப்லெட்டக் குடுன்னு. போய் விளையாடுடின்னா என்ன விளையாடன்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல. ஊருல நாங்க என்ன விளையாடினோம்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரல."

"இப்ப?"

"இப்ப அழறதில்ல. நிக்கிறா."

மணல் ஏற்றிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, தண்ணீர் விளிம்புவரை அமிழ்ந்து, மெல்லப் போய்க்கொண்டிருந்தன. ஒரு படகில் ஒருத்தி தளத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மைசுய் திரும்பி, "அம்மா, அந்தப் படகுல நாய் இருக்கு. பச்சைத் தட்டுல சாப்பிடுது" என்றாள். யுன்ஷியா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எந்தப் படகு என்று கேட்டாள். கடைசிக்கு முந்தினது என்றாள் பிள்ளை. நான் பார்த்தேன், எனக்கு நாய் மட்டும்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் போவதற்குள் யுன்ஷியா முகம் கறுத்து மூக்குத் தோல் உரிந்துவிட்டது. பட்டறைப் பெண்கள் விடவில்லை. என்னடி, கால்வாய்க் கரையில் கருவாடு காயப்போட்டார்கள் என்று பார்த்தால் நீயா என்றார்கள். அவளும், ஆமாம், உப்புப் போட்டது, கெடாது என்றாள். பத்து வருடத்தில் அவள் பதிலுக்குக் கேலி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பள்ளி திறந்ததும் மூன்றரைக்குப் பள்ளி வாசலிலிருந்தே நேராகக் கரைக்குப் போனார்கள். மழை நாளில் பாலத்துக்கு அடியில் நின்றார்கள். மைசுய்க்கு இரண்டு தோழிகள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஃபெங்கின் தங்கை. பின்னாலேயே ஃபெங்கும் வந்தான். அவனும் கண்ணாடி போட்டிருந்தான்.

எல்லாம் சுகமாகப் போகவில்லை. கூலி குறைந்ததில் பாவ்லின் இரவுச் சந்தைக்கும் வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாள் பிள்ளை தூங்கிய பிறகு அவன் போர்வைக்குள் டேப்லெட்டில் படம் பார்க்க, அதைப் பார்த்த யுன்ஷியா அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குய்மெய் வந்து, இத்தனை கஷ்டப்பட்டும் ஏறத்தான் போகிறது, எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டாள். ஏறட்டும், மெதுவாக ஏறட்டும் என்று யுன்ஷியா சொன்னாள்.

சனவரியில் மறுபடி மருத்துவமனை. பனிக்காற்று காதை அறுத்தது. வரிசை நீளமாக இருந்தது. விடுமுறை விட்டதால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். சொட்டு விடும் முன் அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். அங்கே அட்டை காகிதம் கிடையாது. திரையில் ஒவ்வொரு குறியாக மாறி மாறி வரும். யுன்ஷியா மகளின் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

கண்ணாடியைக் கழற்றி ஒரு கண்ணை மூடி மைசுய் சொல்ல ஆரம்பித்தாள். மேல. இடது. அடுத்தது வந்தது. பிள்ளை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கக் கூடாது என்றாள் நர்சு. மைசுய் சுருக்குவதை நிறுத்தினாள். அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

"தெரியல" என்றாள்.

நர்சு அடுத்ததைப் போட்டாள்.

"இதுவும் தெரியல."

பிறகு சொட்டு, அரை மணி காத்திருப்பு, எந்திரத்தில் முகம் வைத்துப் பார்ப்பது எல்லாம் நடந்தது. இரண்டு கண்ணிலும் இருநூற்றைம்பது. ஆறு மாதத்தில் இருபத்தைந்து. டாக்டர் ஃபாங் பழைய சீட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்லது, இப்படியே போங்கள் என்றாள். யுன்ஷியா தலையாட்டினாள். இறங்குமா என்று இந்த முறை கேட்கவில்லை.

வெளியே வந்தோம். வாத்துச் சூப் விற்கிற கடையில் கூட்டம் இருந்தது. கண் கூசிய மைசுய்க்குத் தொப்பியை இழுத்துவிட்டு, இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டு, யுன்ஷியா என் பக்கம் குனிந்தாள். வேறு அம்மாக்கள் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்வார்களே, அந்தக் குரலில்தான் சொன்னாள்.

"கேட்டீங்களாக்கா? தெரியலன்னு சொல்லிட்டா. என் மூஞ்சியப் பாக்காமலே சொன்னா."